பூந்தமல்லி வட்டத்தின் மிகப் பெரிய பகா எண்

அந்த எண் பதினொரு நாட்கள் பகா எண்ணாக இருந்தது. பன்னிரண்டாம் நாளிலிருந்து அது பகா எண்ணாகக் கருதப்பட்டது.

அதைக் கண்டுபிடித்த ஹெலினா, வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் கணிதத் துறையில் உதவிப் பேராசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன் வேலையில் சேர்ந்தபோது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் எம்.எஸ்சி. பட்டம் வரை அவளுடைய அசல் சான்றிதழ்கள் ஐந்தையும் கல்லூரி வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டியது. பாதுகாப்புக்காக என்றார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அவள் கேட்கவில்லை. அவள் பொதுவாக எதையும் கேட்டு முடிப்பதில்லை. 'சார், அந்த...' என்று ஆரம்பிப்பாள். அதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

இப்போது அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் அவள் தேறியிருந்தாள். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் போனால் அந்த வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

நிர்வாக அலுவலர் தேவராஜின் மேசை முன் போய் நின்றாள்.

"சார், அந்த ஒரிஜினல்..."

"சேர்மன் தன் கையாலதான் மேடம் தருவாரு," என்றார் தேவராஜ், பீரோ சாவியைச் சட்டைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே. "வாங்கும்போது நான் வாங்கலாம். குடுக்கிறது அவருதான் குடுக்கணும். இங்க அப்படித்தான்."

"எப்ப சார்..."

"அவருக்குக் குடுக்கணும்னு தோணும்போது."

சேர்மன் ராஜசேகரனுக்கு அப்போது ஒரு ரோஜாவைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த கல்லூரியின் தாளாளர் பெயரை யாரோ ஒரு புது ரோஜா வகைக்கு வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அங்கீகாரக் குழு வருகிறது. அவர்கள் அந்த ரோஜாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் எதைக் காட்டுவது என்று அவர் பேராசிரியர்களைக் கூட்டிக் கேட்டார். கேன்டீனைக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

கணிதத் துறைத் தலைவர் மணவாளன்தான் எழுந்து, ஐயா பெயரில் ஓர் எண் இருக்கலாம் என்றார். எண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பூச்சி விழாது. ரோஜா வாடும், எண் வாடியதாக வரலாறு இல்லை.

மறுநாள் ஹெலினாவைச் சேர்மன் அறைக்கு அழைத்துப் போனார் மணவாளன். துறையில் கணினி நிரல் எழுதத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். மற்றவர்கள் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வேப்பம்பட்டு வரை போயிருந்தார்கள்.

"இந்தப் பகா எண்ணுங்கிறது இன்னாம்மா?" என்று கேட்டார் சேர்மன்.

"ஒண்ணாலயும் அதே எண்ணாலயும் மட்டும்தான் வகுபடும், ஐயா. வேற எதால வகுத்தாலும் மீதி வரும்."

சேர்மன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கல்லூரி நிற்கும் நிலம் அவருடைய குடும்பம் தலைமுறைகளாக நெல் விளைத்த நிலம். அதில் பாதி தன்னுடையது என்று அவர் தம்பி வழக்குப் போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

"பாதியா வெட்ட முடியாதா?"

"முடியாதுங்க ஐயா. ரெண்டைத் தவிர எந்த ரெட்டைப்படை எண்ணும் பகா எண் இல்ல. ரெட்டைப்படைன்னாலே பாதியா போயிடும்."

"கோர்ட்டுல ஆர்டர் வாங்கினு வந்தாக்கூட?"

"முடியாதுங்க."

"அந்த நம்பர எனுக்குப் புடிச்சுக் குடு," என்றார் சேர்மன்.

எண் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் முடிவு செய்தது. முதலில் சேர்மனின் பிறந்த தேதி. பிறகு திருமண நாள், கல்லூரி திறந்த நாள், அவருடைய கைபேசி எண், அவர் முதன்முதலில் வாங்கிய மணல் லாரியின் எண், கல்லூரிப் பேருந்துகளின் எண்ணிக்கை. நிலத்தின் சர்வே எண்ணையும் சேர்க்கலாம் என்று மணவாளன் சொன்னபோது, ஏரிப் பக்கம் இருக்கும் சர்வே எண்கள் எதிலும் வர வேண்டாம் என்று வக்கீல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். மொத்தம் நாற்பது இலக்கங்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் மூன்று இலக்கங்கள் சேர்த்து, பகா எண் வரும் வரை மாற்றிப் பார்ப்பது ஹெலினாவின் வேலை.

கணினி ஆய்வகத்தைத் திறக்க அனுமதி வாங்க இரண்டு நாள் ஆனது. எண் கிடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பத்துமூன்று இலக்கம். அவள் மூன்று வெவ்வேறு வழிகளில் சோதித்தாள். பகா எண்தான். அது யாருடைய பிறந்த நாளில் தொடங்குகிறது என்பதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் அது பகா எண்ணாக இருந்தது. ஹெலினாவுக்கு அதைப் பிடித்திருந்தது.

சோதனை முடிவை உறுதிசெய்ய ஒன்பது பேர் கொண்ட குழு கூடியது. மணவாளன் கை தூக்கச் சொன்னார். ஏழு பேர் தூக்கினார்கள். ஒருவர் விடுப்பு. வேதியியல்காரர் மட்டும் தனக்கு இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டபோது, எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்பேன் என்றார். பெரும்பான்மையால் அந்த எண் பகா எண் ஆனது.

அடுத்து அதன் மற்ற பண்புகள். இதைப் 'பூந்தமல்லி வட்டத்தின் மிகப் பெரிய பகா எண்' என்று வகைப்படுத்தலாம் என்றார் மணவாளன். பகா எண்களுக்கு முடிவே கிடையாது, எதையும் மிகப் பெரியது என்று சொல்ல முடியாது என்று ஹெலினா ஆரம்பித்தாள். "வட்ட அளவுலதானேம்மா சொல்றோம்," என்றார் மணவாளன். "மாவட்டத்துக்குப் போனா பாத்துக்கலாம்."

கணிதத்தில் மகிழ் எண் என்று ஒரு வகை உண்டு. இலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, கிடைப்பதை மறுபடி அதேபோல் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று வர வேண்டும். இந்த எண்ணுக்கு வரவில்லை. சேர்மனுக்கு அது வருத்தம். தன் எண் மகிழ்ச்சியாக இல்லை என்று வெளியே தெரிந்தால் சேர்க்கை பாதிக்கும் என்றார். வரும் கல்வியாண்டு முதல் அது மகிழ் எண்ணாகக் கொள்ளப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது.

பன்னிரண்டாம் நாள் ஃபிளெக்ஸ் வந்தது.

அம்பத்தூரில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் பாபு அதை ஒரு வண்டியில் கொண்டுவந்து கலையரங்க மேடையில் விரித்துக் கட்டினார். முப்பதடி நீளம். இடப்பக்கம் பன்னிரண்டு அடிக்குச் சேர்மன் சிரித்துக்கொண்டிருந்தார். மீதி இடத்தில் எண். ஹெலினா ஓரமாக நின்று இலக்கங்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"அண்ணா, அந்த... நாப்பத்திரண்டுதான் இருக்கு."

"ஆமா மேடம், ஒண்ணு நிக்கல," என்றார் பாபு. "ஐயா மூஞ்சிய இத்தினியூண்டு கொறச்சா நிக்கும். கொறைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கோ. அதான் கடைசில கீற ஒரு நம்பர வுட்டுட்டேன். முன்னால கீறது கோடி, லட்சம். கடைசில கீறது சில்லற. அத்தப் போயி யாரு பாக்கப் போறா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஹெலினா அண்ணாந்து, இப்போது கடைசியாக நின்ற இலக்கத்தைப் பார்த்தாள். எண்ணைச் சோதிக்க ஆய்வகத்தைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மணவாளனிடம் ஓடினாள். அதற்குள் ஃபிளெக்ஸ் கோப்பிலிருந்து நாலாயிரம் அடையாள அட்டைகள் அச்சாகியிருந்தன. வாசலில் கிரானைட் பலகையில் கல் தச்சர்கள் முப்பதாவது இலக்கத்தைத் தாண்டியிருந்தார்கள். குழு அவசரமாகக் கூடியது.

"கடைசி இலக்கம் போயிட்டா அது வேற எண் சார்," என்றாள் ஹெலினா. அன்று அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"மொத்தம் எத்தனை இலக்கம்?" என்று கேட்டார் மணவாளன்.

"நாப்பத்திமூணு."

"அதுல சரியா இருக்கிறது எத்தனை?"

"நாப்பத்திரண்டு. ஆனா சார்..."

"அப்ப நூத்துக்குத் தொண்ணூத்தேழு. நம்ம பசங்க முப்பத்தஞ்சு வாங்குனா பெத்தவங்களுக்கு ஸ்வீட் குடுத்து அனுப்புறோம். தொண்ணூத்தேழு வாங்கின ஒரு எண்ண ஃபெயில் போடச் சொல்றியாம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. மூல எண்ணுக்கு அளிக்கப்பட்ட எல்லாப் பண்புகளும் ஃபிளெக்ஸில் உள்ள எண்ணுக்கு முன்தேதியிட்டு மாற்றப்படுகின்றன என்று தீர்மானம் எழுதப்பட்டது. பழைய எண்ணை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது. வேதியியல்காரர் அவகாசம் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து வராந்தாவில் மணவாளன் அவளை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"முப்பது வருஷமா கணக்கு சொல்லிக் குடுக்கிறேன். எனக்குத் தெரியாதாம்மா? நீ பாக்கிற எடத்தத்தான் நானும் பாக்கிறேன். பாத்துட்டு, பக்கத்துல ஐயா மூஞ்சியப் பாத்துக்கிறேன். சரியாப் போயிடுது."

"சார், அங்கீகாரக் குழு வந்தா..."

"வர்றவங்களுக்கும் ஒரு மூஞ்சி காட்டுவோம்ல."

மறுநாள் முதல் காலை இறைவணக்கத்துக்குப் பிறகு மாணவர்கள் எண்ணை ஒப்பிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஒப்பிக்காதவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது. மூன்றே நாளில் கல்லூரி முழுவதும் மனப்பாடம் ஆனது. மைதானத்தில் நாலாயிரம் பேர் ஒரே குரலில் இலக்கம் இலக்கமாகச் சொன்னார்கள். நாற்பத்தோராவது இலக்கம் முடிந்ததும் கைதட்டல் வெடித்தது. நாற்பத்திரண்டாவது இலக்கம் அந்தச் சத்தத்தில் போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

அங்கே தட்ட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. பேருந்து ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருந்தது. கணக்கில் மூன்று அரியர் வைத்திருந்தவர்களும் சரியான இடத்தில் தட்டினார்கள். இந்தக் கல்லூரியில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்த முதல் கணக்கு அது என்று ஹெலினா நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை தேவராஜ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளைக்கு விழா. அங்கீகாரக் குழுத் தலைவர்தான் சிறப்பு விருந்தினர். நீங்க மேடையில நின்னு எண்ணப் படிக்கணும். படிச்சுட்டு, இது பகா எண்ணுதான்னு எழுதியிருக்கிற பத்திரத்துல கையெழுத்துப் போடணும். துறையில நிரல் ஓட்டினது நீங்கதானே."

"சார், என் ஒரிஜினல்..."

"அதுவும் நாளைக்கு மேடையிலதான்." தேவராஜ் ஒரு சலுகை காட்டும் முகத்தோடு சொன்னார். "சேர்மன் உங்களுக்கு வழங்குறாரு. பொன்னாடையோட."

"அது என்னோடது சார்."

"அதனாலதான் மேடம் உங்களுக்கு வழங்குறாரு. வேற யாருக்குக் குடுக்க முடியும்?"

காட்டுப்பாக்கம் வீட்டில் அவள் அம்மா ஞானசௌந்தரி தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹெலினா நடந்ததைச் சொன்னாள்.

"நாளிக்கு நீ வாயத் தொறக்காத," என்றாள் ஞானசௌந்தரி. "பேப்பர வாங்கினு நேரா ஊட்டுக்கு வா. திங்கக்கெழம போயி அத்தக் காட்டிட்டு அந்த வேலையில குந்து. உங்கப்பன் நாலு கம்பெனில வாயத் தொறந்தாரு. நாலும் போச்சு. அம்பத்தூர் எஸ்டேட்ல அவர் கால் வைக்காத கேட்டே இல்ல."

"தப்பான எண்ணும்மா. கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

"போடு. நம்பர் வந்து உன்னக் கேக்கப் போதா?" ஞானசௌந்தரி மாவைக் கரைத்தாள். "அந்தப் பீரோவுல வச்சிக்கினு கீறானே, அதுல உன் பத்தாவது மார்க் ஷீட்டும் கீதா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா."

"கணக்குல நூத்துக்கு நூறு. அதுக்குத்தான் உங்கப்பன் தெரு முழுக்க சாக்லேட் குடுத்தாரு."

சனிக்கிழமை கலையரங்கம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கை ஏற்ற வந்தவர்கள் பதினாறு பேர், திரிகள் ஐந்து. மேடையின் பின்னால் பாபுவின் ஃபிளெக்ஸ். அதன் வலது ஓரத்தில், கடைசி இலக்கத்துக்கு நேர் முன்னால், யாரோ ஒரு பெரிய சாமந்தி மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் மாலை அசைந்து இலக்கத்தைக் காட்டிவிட்டு மறைத்தது.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற துணைவேந்தர். மேடைக்கு வந்ததும் எண்ணை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனார். மாலைக்கு அருகில் வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"நான் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன்," என்று அவர் மைக்கில் சொன்னார். "நூலகம் இருக்கும். ஆய்வகம் இருக்கும். ஆனால் வளாகத்துக்குள்ளேயே சொந்தமாக ஒரு பகா எண்ணை வைத்துப் பராமரிக்கும் கல்லூரியை இங்கேதான் பார்க்கிறேன். இதற்கான மதிப்பெண்ணை எங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் தெரியவில்லை. போட்டுவிடுகிறோம்."

பிறகு சேர்மன் எழுந்தார். அரங்கம் எழுந்தது. அவர் உட்காரச் சொன்ன பிறகும் முதல் இரண்டு வரிசைகள் கொஞ்ச நேரம் நின்றன.

"எனக்குக் கணக்கு வராது," என்றார் சேர்மன். "அதை நான் மறைத்ததில்லை. கணக்கு வருகிறவர்கள் நாற்பது பேருக்கு நான் சம்பளம் கொடுக்கிறேன். அப்போது கணக்கு யாருடையது? இந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இதை யாராலும் வகுக்க முடியாது. என் தம்பி பாதி கேட்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். நான் சொல்வேன், முதலில் இந்த எண்ணைப் பாதியாக்கிக் காட்டு. பாதியாக்கிக் காட்டினால் நிலத்தில் பாதியை நானே எழுதித் தருகிறேன். அறிஞர்கள் கூடி ஓட்டுப்போட்டு உறுதி செய்த எண் இது. எதிர் ஓட்டு ஒன்றுகூட இல்லை. எதிர் ஓட்டுப் போடுகிறவரை நாங்கள் வேலைக்கு எடுப்பதும் இல்லை."

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. தேவராஜ் ஒரு தட்டில் பொன்னாடையும் நீல நிறக் கோப்பும் கொண்டுவந்தார். ஹெலினாவின் பெயரை அழைத்தார்கள்.

நிகழ்ச்சி நிரலின்படி முதலில் எண்ணைப் படிக்க வேண்டும், பிறகு கையெழுத்து, கடைசியில் கோப்பு. ஆனால் சிறப்பு விருந்தினருக்கு ஆவடியில் இன்னொரு கல்லூரி காத்திருந்தது. அவர் கிளம்புவதற்குள் படம் வேண்டும் என்றார் புகைப்படக்காரர். சேர்மன் பொன்னாடையைப் போர்த்தி, கோப்பை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் ஒரு நுனியைப் பிடித்தாள். மூன்று முறை விளக்கு மின்னியது. நான்காவது முறைக்குள் அவர் கையை விட்டுவிட்டு விருந்தினர் பக்கம் திரும்பினார்.

பத்து வருடத்துக்கு முன் அவள் வாங்கிய மதிப்பெண்களை அவளுக்கு இரண்டாம் முறை வழங்கி முடித்திருந்தார்கள்.

ஹெலினா மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். கோப்பைத் திறந்தாள். பத்தாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு. சாதிச் சான்றிதழ். இரண்டு பட்டங்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி முத்திரையைப் பார்த்தாள். அரங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கையெழுத்துக்கான பத்திரத்தையும் மூடி கழற்றிய பேனாவையும் வைத்துக்கொண்டு மணவாளன் நின்றிருந்தார்.

"படிம்மா," என்றார் மெதுவாக.

அவள் கோப்பை மூடித் தோள்பைக்குள் வைத்தாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்க்காமல் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தாள். சேர்மனின் பிறந்த நாள் போனது. திருமண நாள் போனது. கல்லூரி திறந்த நாள், கைபேசி, லாரி, பேருந்துகள். எந்த இலக்கமும் தவறவில்லை. நாற்பத்தோராவது இலக்கத்தைச் சொன்னதும் நாலாயிரம் பேரும் தட்டினார்கள். விருந்தினர் தட்டினார். சேர்மன் தலைக்கு மேல் கை தூக்கித் தட்டினார். மணவாளன் பேனாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினார்.

ஹெலினா மைக்கை விட்டு நகரவில்லை.

முன்வரிசையில் சிலர் அவளைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகத் தட்டினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினார். மணவாளன் அவள் பக்கம் சாய்ந்து, "போதும்மா, முடிஞ்சுடுச்சு" என்றார். அவள் மைக்கின் கழுத்தைப் பிடித்தபடி காத்திருந்தாள். கைகள் மனிதர்களுடையவை, வலிக்கும். பின்வரிசைகள் ஓய்ந்தன. நடுவரிசைகள் ஓய்ந்தன. கடைசியாகச் சேர்மன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். தனியாகத் தட்டுவது காதில் விழுந்ததும் அவரும் நிறுத்தினார்.

மின்விசிறிக் காற்றில் மாலை ஒரு பக்கம் ஒதுங்கியது.

"எட்டு," என்றாள் ஹெலினா.